தாலாட்டுப் பிரிவு

வெள்ளைக்கரட்டில் குண்டுகள் அழத் தொடங்கியது ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில். மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றி முடித்து அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த பெண்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, யார் வீட்டுப் பிள்ளையோ பசிக்கு அழுகிறது என்று முதலில் நினைத்து, அப்புறம் ஊரில் அத்தனை கைப்பிள்ளைகள் ஏது என்று யோசித்து, அப்புறம் சத்தம் வருகிற பக்கம் திரும்பிப் பார்த்து, அது கம்பெனியின் கடைசிக் குடோனில் இருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அங்கே நடந்தார்கள். பிள்ளை அழுதால் போய்த் தூக்கத்தானே வேண்டும்.

கேட்டில் வாட்ச்மேன் பொங்கியண்ணன் பற்றவைக்காத பீடியைக் காதில் செருகிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏனுங் பொங்கியண்ணா, உள்ள யாரு புள்ளைங்க?" என்று கேட்டாள் பாவாயி. ஊரில் வாயாடி என்று பெயரெடுத்தவள்.

"புள்ளை எங்கீங்க இருக்குது. குண்டு அழுவுது."

"எத்தனை நேரமா?"

"நான் டீக் குடிச்சுப்போட்டு வந்ததுல இருந்து."

"தூக்கிப் பாத்தீங்களா?"

"ஒண்ணொண்ணைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். மேனேஜர் கையெழுத்து வேற வேணும்."

"அழுவுற புள்ளையத் தூக்கறதுக்குக் கையெழுத்துக் கேக்கற ஊரு இது ஒண்ணாத்தான் இருக்கும்" என்றாள் பாவாயி.

கம்பெனி என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் அது குண்டுக் கம்பெனிதான். கரட்டுக் குன்றின் ஒரு பக்கத்தை வெட்டிச் சமன் பண்ணிக் கட்டின அந்தக் கம்பெனி பட்டாளத்துக்குப் பீரங்கிக் குண்டு செய்துகொண்டிருந்தது. குண்டு என்றால் உருண்டை இல்லை. ஒரு வயதுப் பிள்ளை எழுந்து நின்றால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம், மேலே கூராக, பச்சை வர்ணம் பூசி, இடுப்புக்குக் கீழே அரைஞாண் கட்டினதுபோல ஒரு செம்பு வளையத்தோடு இருக்கும். பட்டாளத்தார் இந்தக் குண்டு இனி வேண்டாம், இதைப் போடுகிற பீரங்கியே பழசாகிவிட்டது, கையில் இருப்பதே போதும் போதும் என்று சொல்லி வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் கம்பெனி செய்வதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் ஊர் நின்றுவிடும் என்று ஊரும் நிறுத்தச் சொல்லவில்லை, ஆர்டர் வரும் வரும் என்று செய்து செய்து பெட்டியில் அடைத்துக் குடோன் குடோனாக அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். அப்படி அடுக்கினவைதான் அழுதன.

மேனேஜர் கையெழுத்துப் போட்டார். பெண்களை உள்ளே விட்டார்கள். மருந்து அடைத்த குண்டு இருக்கிற இடம் என்பதால் அங்கே போக ஒழுங்கு உண்டு. மெட்டி, வளையல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைக்க வேண்டும். நைலான் சேலை கூடாது, பருத்திதான். வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டு, உடம்பில் இருக்கிற கரண்டு மண்ணுக்கு இறங்கின பிறகுதான் படி ஏறலாம். பெண்கள் அந்தத் தகட்டைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கோவிலுக்குள் நுழைகிற மாதிரி, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்கள்.

முன்னால் போனவள் மயிலாத்தாள். அதிர்ந்து பேசத் தெரியாதவள், அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள், காலையில் மாரியம்மனைச் சுற்றி வராமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். புருஷன் இல்லை. இரண்டு மகன்கள். பெரியவன் சென்னியப்பன் பட்டாளத்தில், பனிமலை எல்லையில் பீரங்கிப் படையில் இருந்தான். சின்னவன் நல்லசிவம் இதே கம்பெனியில், வர்ணம் பூசுகிற இடத்தில், காண்ட்ராக்ட் ஆளாகக் கழுத்தில் மஞ்சள் பட்டை மாட்டிக்கொண்டு வேலை செய்தான். ஆர்டர் வந்தால் அவன் பட்டை பச்சையாகும், நிரந்தரம் ஆவான், பெண் கொடுக்க ஆள் வரும். வராவிட்டால் முதலில் கேட்டுக்கு வெளியே போகிறவர்கள் மஞ்சள் பட்டைக்காரர்கள்.

மயிலாத்தாள் தூண் ஓரத்துப் பெட்டி ஒன்றின் மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே படுத்திருந்த குண்டின் மேல் கை வைத்தாள். சுரம் கண்ட பிள்ளையின் நெற்றிபோல் கதகதவென்று இருந்தது. அது விக்கி விக்கி அழுதது.

பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு அழுகையை யாரும் விளக்கத் தேவையில்லை. பசி அழுகை இழுத்து இழுத்து வரும், தூக்க அழுகை சிணுங்கும், எறும்பு கடித்தது வீலென்று கிளம்பி அடங்கும். இது அவற்றில் எதுவும் இல்லை. இது பெரிய சத்தம் கேட்டு, கண் கூசுகிற வெளிச்சம் பார்த்து, பக்கத்தில் இருந்த ஆளைத் தொட்டுப் பார்த்துப் பதில் வராமல் அழுகிற அழுகை. குடோனில் அப்போது சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. இனிமேல் எங்கேயோ நடக்கப்போவதற்கு இப்போதே அழுதுகொண்டிருந்தது. உள்ளே நின்ற அத்தனை தாய்மாருக்கும் அந்த நிமிஷத்திலேயே அது தெரிந்துபோயிற்று. தெரிந்ததை ஒருத்தி முகத்தில் இன்னொருத்தி பார்த்தாள். பார்த்ததும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"வெக்கையா இருக்குதாட்ட இருக்குது" என்றாள் யாரோ ஒருத்தி, தரையைப் பார்த்து. "அதான் அழுவுதுக."

"ஆமா, வெக்கைதான்" என்றார்கள் எல்லோரும், அவளைக் கும்பிடாத குறையாக.

மறுநாளே கம்பெனி மின்விசிறி மாட்டியது.

அதற்குப் பிறகு ஊர் தன் வழியில் அதைப் பழகிக்கொண்டது. பூசாரி திருநீறு மந்திரித்துக் கொடுத்தார். மிளகாயும் உப்பும் சுற்றிக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள், உள்ளே நெருப்பு ஆகாது என்பதால். வசம்பை இழைத்துப் பச்சை வர்ணத்தின் மேல் தடவினார்கள், கண் படாமல் இருக்க மை தொட்டுக் கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் பொட்டு வைத்தார்கள். பழம் பருத்திச் சேலைகளைக் கிழித்துப் பெட்டிக்குள் விரித்தார்கள். அழுகைக்கு நடுவில் வேலை செய்கிற ஆண்களுக்கு அழுகைப் படி என்று ஒன்று தனியாகக் கொடுக்க வேண்டும் என்று யூனியன் தலைவர் கோரிக்கை வைத்தார், அதுவும் நிறைவேறியது. தினமும் பொழுது சாய்ந்து அழுகை கிளம்புகிற நேரத்துக்கு ஐம்பது அறுபது பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து பெட்டிகளைத் தட்டிக்கொடுத்து, ஆராரோ பாடி, அழுகையை ஒருவாறு அடக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறாக்கினார்கள். கம்பெனி அவர்களுக்கு அடையாள அட்டை அடித்துக் கொடுத்து, அதற்குத் தாலாட்டுப் பிரிவு என்று பெயரும் வைத்தது.

"கெட்டிக்காரப் புள்ளைங்க நம்முளுது" என்பாள் பாவாயி தட்டிக்கொண்டே. "பீயள்ளற வேலை இல்லை. பள்ளிக்கோடத்துக்கு அனுப்பற செலவு இல்லை. பெரிசானாப் பெத்தவளைத் திட்டறதுமில்லை."

சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

மயிலாத்தாளுக்குத் தூண் ஓரத்துக் குண்டுதான். அது இவள் கை பட்டால் அடங்கும், எடுத்தால் அழும். அடங்கின பிறகும் விக்கல் மட்டும் வெகு நேரம் விட்டு விட்டு வரும். ஒரு நாள் அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மனிதர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். ஆலாலசுந்தரம் என்று பெயர். கம்பெனிக்காக டெல்லியில் இருப்பவர். டெல்லியில் அவருக்கு என்ன வேலை என்று ஊரில் கேட்டால், பெரிய ஆட்களோடு உட்கார்ந்து மத்தியானச் சோறு சாப்பிடுவதுதான் வேலை என்பார்கள்.

"நல்லாப் பாத்துக்கறீங்கம்மா" என்றார்.

"பாவமுங்க. பட்டாளத்துக்காரங்க வேண்டாம்னுட்டாங்களாமா?"

அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், யாரிடமும் முகம் சுளிக்காதவர். "அம்மா, ஒரு குண்டை முச்சூடும் ஒரே ஊர்ல செஞ்சா அது வெறும் குண்டு. மூக்கை ஒரு ஜில்லாவுல, வளையத்தை ஒரு ஜில்லாவுல, பெட்டியை ஒரு ஜில்லாவுல, பெட்டிக்கு ஆணியை இன்னொரு ஜில்லாவுல செஞ்சு வெச்சா அது அத்தனை எம்.பி.க்கும் சொந்தக்காரப் புள்ளை ஆயிருது. தன் சொந்தக்காரப் புள்ளைய வேண்டாம்னு எவன் கை தூக்குவான்?"

"பட்டாளத்துல பெரிய ஆபீசருங்க?"

"இன்னைக்கு வேண்டாம்பாங்க. நாளைக்கு ரிட்டையர் ஆவாங்க. ரிட்டையர் ஆனவங்க உக்காரக் கம்பெனியில நாற்காலி கெடக்குது. உக்காந்ததும் வேணும்பாங்க." தட்டி அடங்கின குண்டை அவர் வாஞ்சையாகப் பார்த்தார். "இத்தனை நாளா எப்படியோ ஓட்டிக்கிட்டு இருந்தோம். இப்ப சாமியே பாத்து அழுகையக் குடுத்திருக்குது."

அந்த அழுகையை அவர் டேப்பில் பிடித்து டெல்லிக்கு எடுத்துக்கொண்டு போனார். கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு ரிட்டையர்டு ஜெனரல், வெள்ளை மீசையும் மார்பு நிறையப் பதக்கமுமாக டிவியில் தோன்றி, தினமும் அதைப் போட்டுக் காட்டினார். எதிரி வருவது மனிதனுக்குத் தெரியாது, குண்டுக்குத் தெரியும், அது எச்சரிக்கிறது, நாம் தூங்குகிறோம் என்று சொன்னார். எல்லையைக் கண்ணால் கண்டிராத பட்டணத்துச் சனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அழுகையைக் கேட்டார்கள். கேட்கக் கேட்கப் பயந்தார்கள், பயந்தவர்கள் அரசாங்கத்தைப் பார்த்து ஏன் இன்னும் வாங்கவில்லை என்று கேட்டார்கள். குண்டு அழுவதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அது யாருக்காக அழுகிறது என்பதில் மட்டும் கட்சிக்கொரு கருத்து இருந்தது.

அந்த வாரம் சென்னியப்பன் போன் பண்ணினான்.

"நம்மூரு டிவியில வருதாம்மா."

"ஆமா கண்ணு. நீ சாப்பிட்டயா?"

"சாப்பிட்டாச்சு. அம்மா, எங்களுக்கு அது வேண்டாம். இங்க வருஷக்கணக்கா ஒரு குண்டு போடலை. அந்தப் பக்கம் இருக்கறவன் ஆடு தப்பி இந்தப் பக்கம் வந்தாத் திருப்பி ஓட்டிவிடறோம், அவ்வளவுதான். பனிக்குத் தாங்கற பூட்சு இல்லை. ஒருத்தனுக்கு விரலு கறுத்துப்போச்சு, வெட்டிட்டாங்க. பூட்சுக்கும் கூடாரத்துக்கும் வெச்சிருந்த பணத்தைத்தான் குண்டுக்குத் திருப்பறாங்கன்னு இங்க பேச்சு. டெல்லியில இருந்து கமிட்டி வருதாமே. கேட்டா உள்ளதைச் சொல்லுங்க."

"சொல்றோம் சாமி" என்றாள் மயிலாத்தாள்.

பக்கத்தில் நல்லசிவம் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். "அண்ணனுக்கென்ன, செத்தாலும் பென்சன் வரும்" என்றான். சொன்னது தப்பு என்று தெரிந்து, சாப்பிடாமல் எழுந்து கை கழுவினான்.

கமிட்டி வந்தது. சாலைக்குத் தார் போட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, வாழைமரம் கட்டி வரவேற்றார்கள். அழுகை நன்றாகக் கேட்கட்டும் என்று அன்றைக்கு மட்டும் தாலாட்டுப் பிரிவைப் பாட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பொழுது சாய்ந்ததும் குடோன் முழுக்க அழுதது. வந்தவர்களில் சிலர் கைக்குட்டையை எடுத்தார்கள். பட்டாளத்துக்கு வேண்டாம் என்று சொல்ல வந்திருந்த இளம் அதிகாரி ஒருவர் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தமிழ் தெரியும்.

பெண்கள் சார்பில் பேச மயிலாத்தாளைத்தான் நிறுத்தியிருந்தார்கள். சாமி கும்பிடுகிறவள், பொய் சொல்ல மாட்டாள் என்று பார்த்தாலே தெரியும் என்று ஆலாலசுந்தரம் சொன்னதால்.

"அம்மா" என்றார் அந்த அதிகாரி. "நீங்க புள்ளை வளர்த்தவங்க. இது எதுக்கு அழுவுதுன்னு உங்களுக்குத் தோணுது?"

மயிலாத்தாள் வாயைத் திறந்தாள். மாரியம்மனை நினைத்தாள். பனியில் நிற்கிற பெரியவன் காலை நினைத்தாள். அப்புறம் கூட்டத்துக்குப் பின்னால் மஞ்சள் பட்டையோடு நின்று இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த சின்னவனைப் பார்த்தாள். அவனுக்கும் பின்னால் இன்னும் எத்தனையோ மஞ்சள் பட்டைகள், அவற்றின் பின்னால் அவர்களைப் பெற்றவர்கள்.

"போகோணும்னு அழுவுதுங்க சாமி" என்றாள். "பெரிசானதுகளை ஊட்டுக்குள்ளயே வெச்சிருந்தா அழாம என்னங்க பண்ணும். ஆளாக்குனா அனுப்பித்தானுங்களே ஆகோணும்."

கூட்டம் கை தட்டியது. அந்த அதிகாரி தட்டவில்லை, திட்டவும் இல்லை. நிதானமாகத் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, அவளைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தார். இவள் மகன் பட்டாளத்தில் இருக்கிறான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அந்த சல்யூட்டைத் தாங்க மாட்டாமல் மயிலாத்தாள் முந்தானையால் முகத்தை மூடினாள். டிவிக்காரர்கள் அதைத் தாயின் ஆனந்தக் கண்ணீர் என்று போட்டார்கள்.

ஆர்டர் வந்தது. இருந்ததெல்லாம் போயின, இன்னும் அவ்வளவு செய்யச் சொல்லியும் உத்தரவானது. லாரிகள் புறப்பட்ட அன்று பெண்கள் தாம்பாளத்தில் மஞ்சள் நீரும் வெற்றிலையும் வைத்து, மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி ஆலம் சுற்றினார்கள். தூண் ஓரத்துக் குண்டின் பெட்டியை ஏற்றும்போது அது விக்கியது. மயிலாத்தாள் தொடப் போகவில்லை.

இத்தனை குண்டையும் வாங்கிவிட்டு என்ன செய்வது என்று அரசாங்கத்துக்குக் கவலை வந்தது. அதற்கும் ஒரு கமிட்டி போட்டார்கள், அதில் வெள்ளை மீசை ஜெனரலும் இருந்தார். எல்லையில் இருக்கிற ஒவ்வொரு பீரங்கியும் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் போட்டுப் பழக வேண்டும் என்று புது விதி எழுதினார்கள். முதலில் ஆளில்லாத சரிவைப் பார்த்துப் போட்டார்கள். அந்தப் பக்கத்தவர்கள் அதைப் பார்த்துப் பயந்து அவர்களும் வாங்கினார்கள், அவர்கள் நாட்டிலும் எங்கோ ஒரு வெள்ளைக்கரடு இருக்குமல்லவா. அவர்கள் பதிலுக்குப் போட, இவர்கள் அதற்குப் பதில் போட, ஆளில்லாத சரிவு தீர்ந்துபோயிற்று. அடுத்து இருந்தது ஆள் இருக்கிற சரிவு.

சென்னியப்பன் போன் பண்ண வெகு நாளாயிற்று. பண்ணியபோது அவள்தான் முதலில் பேசினாள்.

"சாப்பிட்டயா கண்ணு?"

"ம். டிவியில உன்னையப் பாத்தேன்."

மயிலாத்தாள் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பெட்டியப் பிரிச்சா வசம்பு வாசம் அடிக்குதும்மா. கூட இருக்கற பசங்களுக்கு என்ன வாசம்னு தெரியலை. ஒண்ணுல மை வெச்சிருந்துது, கன்னத்துல. விக்கிக்கிட்டு இருந்துது. நாந்தான் போட்டேன். போட்டதும் நின்னுபோச்சு. அப்புறம் அந்தப் பக்கத்துல இருந்து கேட்டுது. அதே விக்கல். இப்பத் தினமும் பொழுது சாஞ்சா கேக்குது. உனக்குத் தெரியுமில்ல அது எதுக்கு அழுவுதுன்னு. அன்னைக்கே தெரியுமில்ல."

"பூட்சு குடுத்தாங்களா சாமி?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"போனை வெச்சர்றேம்மா" என்றான்.

அதற்குப் பிறகு அவன் பணம் அனுப்பினான், பேசவில்லை. நல்லசிவத்தின் கழுத்தில் பட்டை பச்சையானது, பெண் பார்த்து நிச்சயமும் ஆயிற்று. ஊரில் வீடுகளுக்கு மாடி எழும்பியது. கோவில் கோபுரத்துக்கு வர்ணம் பூசி, உபயம் என்று கம்பெனியின் பெயரை எழுதினார்கள். மயிலாத்தாள் காலையில் கோவிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் கர்ப்பக்கிரகத்துக்கு நேராக நிற்பதில்லை, தேங்காய் உடைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, அம்மன் முகம் தெரியாத இடத்தில் இருந்து கும்பிட்டுவிட்டு வருவாள்.

"ஏன் நங்கை, எட்ட நிக்கறீங்க?" என்று முறை வைத்துக் கூப்பிட்டுக் கேட்டாள் பாவாயி.

"கூட்டமா இருக்குது."

"நம்ம ரெண்டு பேருதான் இருக்கறோம்" என்றாள் பாவாயி. சொல்லிவிட்டு, அவளும் வந்து அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

புதிதாகச் செய்த குண்டுகள் அழவில்லை.

முதலில் யாரும் கவலைப்படவில்லை, மருந்து காய்ந்தால் அழும் என்றார்கள். காய்ந்தது. பெட்டியில் அடைத்தால் அழும் என்றார்கள். அடைத்தார்கள். ஆடி வந்தால் அழும் என்றார்கள், ஆடி வந்து போயிற்று. பெண்கள் செம்புத் தகட்டைத் தொட்டு உள்ளே போய்க் கை வைத்துப் பார்த்தால், குண்டுகள் மண்பானை மாதிரிச் சில்லென்று இருந்தன. தட்ட வேண்டியதில்லை, பாட வேண்டியதில்லை. மயிலாத்தாளுக்கு உடனே தெரிந்தது, எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்தது, முதல்முறை தெரிந்த மாதிரியேதான். இவற்றுக்காக எங்கேயும் யாரும் அழப்போவதில்லை. இவை யார் கூரை மேலும் விழாமல் துருப்பிடித்துப் போகப் பிறந்தவை. வெள்ளைக்கரடு இத்தனை வருஷத்தில் செய்ததிலேயே பாவம் ஒட்டாத சரக்கு இதுதான். அந்தச் சரக்கைச் சுற்றித்தான் ஊர் இழவு வீட்டு வாசல்போல உட்கார்ந்திருந்தது.

டெல்லியில் கேட்கிறார்களாம், அழுகை இருக்கிறதா என்று. அழாத குண்டுக்கு எவன் பயப்படுவான், பயப்படாதவன் எதற்கு வாங்குவான். எல்லையில் இரண்டு பக்கமும் களைத்துப்போய்ப் பேச்சுவார்த்தை என்று தொடங்கிவிட்டார்களாம், இந்த நேரத்தில் அழுகையும் நின்றால் எல்லாம் நின்றது என்று ஆலாலசுந்தரம் மேனேஜரிடம் வருத்தப்பட்டார். மேனேஜர் தாலாட்டுப் பிரிவைக் கூப்பிட்டார்.

"அமர்த்தத் தெரியுதில்ல. அழ வெக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றார்.

பெண்கள் முயன்றார்கள். விரித்த சேலைகளை உருவினார்கள், மின்விசிறியை நிறுத்தினார்கள். ஒருத்தி அதட்டினாள். இன்னொருத்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, செம்பு வளையத்துக்கு மேலே நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். பச்சை வர்ணம் உரிந்து வந்ததே தவிர, ஒரு சிணுங்கல் இல்லை. குண்டுகள் தூங்கின.

பச்சைப் பட்டைக்காரர்களுக்கும் ஆள்குறைப்பு என்று பேச்சு வந்த அன்று நல்லசிவம் வீட்டுக்கு வந்து, வெகு நேரம் வாசற்படியில் செருப்போடு உட்கார்ந்திருந்தான்.

"பொண்ணூட்டுல யோசிக்கறாங்களாமா" என்றான். "அம்மா, நீ வேண்டிக்கிட்டா நடக்கும்னு ஊரே சொல்லுது. நாளைக்கு கேட்டுல பூசை போடறாங்க. நீதான் முன்னால நிக்கோணுமாமா."

"நின்னு என்னன்னு வேண்டறது?"

"உனக்குத் தெரியாதா?"

"நீ சொல்லு. உன் வாயால சொல்லு."

நல்லசிவம் செருப்பைக் கழற்றினான், மறுபடியும் மாட்டிக்கொண்டான். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. "அழோணும்னு வேண்டிக்க" என்றான், ரொம்பத் தாழ்ந்த குரலில்.

மறுநாள் பொழுது சாய்வதற்கு முன்பே ஊர் கேட்டில் கூடிவிட்டது. குளித்து, வெள்ளை வேட்டியும் பருத்திச் சேலையுமாக, கைப்பிள்ளை வைத்திருந்தவர்கள் பிள்ளையோடு, நடக்க முடியாதவர்கள் வண்டியில். ஆலாலசுந்தரம் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கற்பூரத்துக்கு அங்கே இடமில்லை, தேங்காயும் பூவும்தான். பூசாரி மயிலாத்தாளை முன்னால் நிறுத்தினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தாயே, இதுக தூங்கட்டும், என்று வேண்டினாள். வாய் திறக்காமல், பின்னால் நிற்கிற மகனுக்குத் தெரியாமல். என் மகன் கலியாணம் நின்னாலும் சரி, இந்த ஊரு பழையபடி கடலைக் காட்டுக்குக் கூலிக்குப் போனாலும் சரி. இதுகளை எழுப்பிவிடாதே. என் பெரியவன் அங்கே பொழுது சாஞ்சாக் காதைப் பொத்திக்கிட்டு நிக்கறான். வெகு நாளைக்குப் பிறகு அம்மன் முகம் அவளுக்கு நேராகத் தெரிந்தது. அவள் வேண்டிக்கொண்டே இருந்தாள், உண்மையாகத்தான் வேண்டினாள்.

கம்பெனிச் சங்கு ஊதி அடங்கியது. கரட்டின் மேல் வெயில் போயிற்று. ஊரே மதிலில் காதை வைத்துக்கொண்டு நின்றது. ஆணும் பெண்ணும், மேனேஜரும் வாட்ச்மேனும், மூச்சுவிடுகிற சத்தம் கூடக் கேட்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு, பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர்களைப் போல நின்றார்கள். ஒன்றும் இல்லை. யாரோ ஒருத்தி விசும்பினாள். நல்லசிவம் மதிலில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

அப்போது குடோனின் உள்ளே, எங்கோ அடியில், ஒரு பெட்டிக்குள் இருந்து நூல்போல ஒரு சத்தம் கிளம்பியது. விட்டது. மறுபடியும் கிளம்பி, மூச்சு வாங்கி, வீலென்று உயர்ந்தது. பிறந்து சில நாள்கூட ஆகாத ஏதோ ஒரு பிள்ளையின் குரல். பக்கத்தில் இருந்த ஆளைத் தொட்டுப் பார்த்துப் பதில் வராத குரல்.

"அழுதுருச்சு" என்றார் பொங்கியண்ணன்.

"அழுதுருச்சு, அழுதுருச்சு" என்று மதில் நெடுகிலும் சொல்லிக்கொண்டே போனார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பாவாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு திரும்பி நின்றாள். நல்லசிவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான், பள்ளிக்கூடத்தில் பாஸ் ஆன அன்று பார்த்த மாதிரி.

மயிலாத்தாளின் இரண்டு கையும் தலைக்கு மேலே குவிந்திருந்தன. அப்பாடா என்று நெஞ்சு குளிர்ந்துபோயிருந்தது. எப்போது கையைத் தூக்கினோம் என்று அவளுக்குத் தெரியவில்லை, தூக்கினது அவள்தான், வேறு யாரும் தூக்கிவிடவில்லை. அழுகை இன்னொரு பெட்டிக்குப் பரவியது. ஊரெல்லாம் அவளைப் பார்த்துக் கும்பிட்டது. அந்தக் கையை எப்படிக் கீழே இறக்குவது என்று தெரியாமல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.